நீட் தேர்வு: மனப்பாடம் எதுவரை கைகொடுக்கும்?

2024-ஆம் ஆண்டு இளநிலை மருத்துவப் படிப்புகளுக்கான நீட் தேர்வு முடிவுகள் முதலில் வெளியானபோது, 67 பேர் 720-க்கு 720 மதிப்பெண் பெற்றிருந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு, 2025 ஜூன் 14-ஆம் தேதி வெளியான முடிவில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவரின் மதிப்பெண் 686. பொதுப் பிரிவினருக்கான தகுதி மதிப்பெண்ணும் 162-லிருந்து 144-ஆகச் சரிந்தது. ஓராண்டுக்குள் மாணவர்களின் அறிவு குறைந்துவிடவில்லை, பாடத்திட்டமும் மாறவில்லை. மாறியது வினாத்தாள்.

2025 மே 4-ஆம் தேதி நடைபெற்ற அத்தேர்வை 22.09 லட்சம் பேர் எழுதினர், 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றனர். அப்போது நாட்டில் இருந்த எம்பிபிஎஸ் இடங்களோ ஏறத்தாழ 1.18 லட்சம்தான். அவற்றிலும் சுமார் பாதியே அரசுக் கல்லூரிகளில் இருந்தன. ஆகவே 'தகுதி' என்ற சொல்லுக்கு இங்கு அதிக மதிப்பில்லை. தனியார் கல்லூரிக் கட்டணத்தை நினைத்துப் பார்க்கவே இயலாத குடும்பத்துப் பிள்ளைக்கு, தகுதி மதிப்பெண்ணுக்கும் அரசுக் கல்லூரி இடத்துக்கும் நடுவே உள்ள தொலைவே உண்மையான தேர்வாகும். அதைக் கடப்பதற்காகவே பிளஸ் 2 முடித்த பலர் ஓராண்டையோ ஈராண்டையோ ஒதுக்கிவைத்து மீண்டும் மீண்டும் எழுதுகின்றனர்.

அவ்வாறு எழுதுவோரில் பலர் ஒரு கட்டத்தில் முட்டுச்சந்தில் நிற்கின்றனர். தொடக்கத்தில் விறுவிறுவென உயர்ந்த மதிப்பெண், பின்னர் எத்தனை முறை புத்தகத்தைத் திருப்பினாலும் அசைய மறுக்கிறது. என்சிஇஆர்டி பாடநூலின் ஒவ்வொரு வரியும் அடிக்கோடிடப்பட்டு, சூத்திரங்கள் சுவரில் ஒட்டப்பட்டு, குறிப்பேடுகள் அடுக்கிவைக்கப்பட்டிருந்தும் பயனில்லை. காரணம் எளிது. அவர்கள் மதிப்பெண்ணை இழப்பது படிக்காத பாடத்தில் அல்ல. படித்த பாடத்தில், வினாவைப் புரிந்துகொண்டு தர்க்கத்தோடு விடையைத் தேர்வு செய்ய வேண்டிய இடத்தில்.

ஒரு வினா, நான்கு லட்சம் விடைகள்

இதற்கு 2024-ஆம் ஆண்டு வினாத்தாளிலேயே, உச்ச நீதிமன்றம் வரை சென்ற எடுத்துக்காட்டு ஒன்று உள்ளது. இயற்பியல் பகுதியில் இரு கூற்றுகள் கொடுக்கப்பட்டிருந்தன. நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் சம அளவில் இருப்பதால் அணுக்கள் மின்நடுநிலை கொண்டவை என்பது முதல் கூற்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலைத்தன்மை உடையவை, தமக்கே உரிய நிறமாலையை வெளியிடுபவை என்பது இரண்டாவது கூற்று. எது சரி, எது தவறு என்பதே கேள்வி.

பழைய என்சிஇஆர்டி பாடநூலில் இரண்டாவது கூற்று ஏறத்தாழ அப்படியே இடம்பெற்றிருந்தது. பின்னர் வந்த பதிப்பில் 'ஒவ்வொரு தனிமத்தின்' என்பது 'பெரும்பாலான தனிமங்களின்' எனத் திருத்தப்பட்டது. பழைய நூலின் வரியை நினைவில் வைத்திருந்தவர்கள் இரு கூற்றுகளும் சரி என்றனர். புதிய பதிப்பைப் படித்தவர்களும், பதிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் சிந்தித்தவர்களும் இரண்டாவது கூற்று தவறு என்றனர். யுரேனியம், ரேடியம் போன்ற கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் தாமாகவே சிதைகின்றன என்பது அனைவரும் படித்த செய்திதான். அதே புத்தகத்தின் அடுத்த அத்தியாயமே அணுக்கருவைப் பற்றியது. சிதையும் அணு எப்படி நிலைத்தன்மை உடையதாகும் என்று ஒரு கணம் கேட்டிருந்தால் 'ஒவ்வொரு' என்ற சொல் உறுத்தியிருக்கும்.

தேசிய தேர்வு முகமை முதலில் இரண்டு விடைகளையும் ஏற்று மதிப்பெண் வழங்கியது. உச்ச நீதிமன்றத்தின் கேள்விக்குப் பதிலளித்த டெல்லி ஐஐடியின் நிபுணர் குழு, ஒரு விடை மட்டுமே சரி என்று தெரிவித்தது. அதன்படி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தேர்வர்கள் தலா 5 மதிப்பெண் இழந்தனர். கிடைத்த 4 பறிபோனதோடு, தவறான விடைக்கான 1 மதிப்பெண்ணும் கழிக்கப்பட்டது. கருணை மதிப்பெண் விவகாரத்தில் நடந்த மறுதேர்வுக்குப் பின் 61-ஆக இருந்த முழு மதிப்பெண் பெற்றோர் எண்ணிக்கை, இந்த ஒரே வினாவின் திருத்தத்தால் 17-ஆகக் குறைந்தது.

அண்ணனோ அக்காவோ படித்துவிட்டுக் கொடுத்த பழைய புத்தகத்தை வைத்துப் படித்த மாணவரை இதில் குறை சொல்வதற்கில்லை. பாடநூலே வேதம் என்று சொல்லிவிட்டு, அதன் முந்தைய பதிப்பை நம்பியவருக்குத் தண்டனை அளிப்பது தேர்வு நடத்துவோரின் தவறே. ஆனால் அடுத்த தேர்வுக்குத் தயாராகும் மாணவருக்கு அந்த வழக்கில் பயனுள்ள செய்தி வேறு. வரியை நினைவில் வைத்திருப்பதும், அந்த வரி உண்மையா எனச் சோதித்துப் பார்ப்பதும் வெவ்வேறு திறன்கள். ஒன்று புத்தகத்தைச் சார்ந்தது. மற்றொன்று எந்தப் பதிப்பிலும் செல்லுபடியாகும்.

தனிப் பாடமாக இல்லாத திறன்

மருத்துவ நுழைவுத் தேர்வில் தர்க்கத் திறனைத் தனியாகச் சோதிக்கும் வழக்கம் இந்தியாவில் இல்லாமல் இல்லை. 2019 வரை எய்ம்ஸ் நிறுவனம் நடத்திய தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வினாக்களுடன் பொது அறிவும் தர்க்கச் சிந்தனையும் சேர்க்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பாடத்திலும் 'கூற்று – காரணம்' வகை வினாக்களுக்கு அத்தேர்வு பெயர்பெற்றது. புதுச்சேரி ஜிப்மர் தேர்விலும் ஆங்கிலத்துக்கும் தர்க்கம், அளவியல் வினாக்களுக்கும் இடமிருந்தது. 2020-இல் இவ்விரு தேர்வுகளும் கைவிடப்பட்டு நீட் மட்டுமே எஞ்சியது.

பிற நாடுகளில் இத்திறனுக்கு நேரடியான இடமுண்டு. அமெரிக்காவின் எம்கேட் தேர்வில் முன்னறிவு எதுவும் தேவைப்படாத உரைப்பகுதிகளைப் படித்து 90 நிமிடங்களில் 53 வினாக்களுக்கு விடையளிக்கும் பிரிவு ஒன்று உள்ளது. பிரிட்டனின் யூகேட் தேர்வு முழுவதுமே மொழித்திறன், முடிவெடுத்தல், எண்திறன், சூழலறிந்து நடத்தல் ஆகியவற்றைச் சோதிப்பது. அங்கும்கூட வடிவங்களுக்கிடையே ஒழுங்கைக் கண்டறியும் பிரிவு 2025 முதல் நீக்கப்பட்டுவிட்டது.

நீட் தேர்வில் அவ்வாறான தனிப் பிரிவு ஏதுமில்லை. எனவே வங்கித் தேர்வுக்கான தர்க்கப் புதிர்ப் புத்தகங்களை வாங்கிப் பயிற்சி செய்வது நீட் தேர்வருக்கு ஏறத்தாழ நேர விரயமே. ரத்த உறவுப் புதிர்களும் திசைக் கணக்குகளும் எந்த மருத்துவ இடத்தையும் பெற்றுத்தரப் போவதில்லை. இங்கு தர்க்கம் பாடத்துக்குள்ளேயே மறைந்திருக்கிறது. பாடத்தின் வழியாகத்தான் அதைக் கூர்தீட்ட முடியும்.

உயிரியலில் ஓர் எளிய எடுத்துக்காட்டு. 'இதயத்தின் இடது கீழறைச் சுவர் வலது கீழறைச் சுவரைவிடத் தடிமனானது' என்பது கூற்று. 'இடது கீழறையில் ஆக்சிஜன் மிகுந்த ரத்தம் உள்ளது' என்பது காரணம். இரண்டும் உண்மையே. மனப்பாடம் செய்த மாணவர் இரண்டு வரிகளையும் அடையாளம் கண்டதும், 'இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது' என்ற வட்டத்தை நிரப்பிவிடுவார். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் இருப்பதற்கும் சுவரின் தடிமனுக்கும் தொடர்பில்லை. உடல் முழுவதற்கும் ரத்தத்தை அழுத்தி அனுப்ப வேண்டியிருப்பதே தடிமனுக்குக் காரணம். 'கூற்று ஏன் உண்மையாக இருக்கிறது?' என்ற கேள்விக்கு விடையைத் தானே சொல்லிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு காரணத்தைப் படிக்கும் பழக்கம் உள்ளவர் இந்தப் பொறியில் சிக்குவதில்லை. காரணத்தை முதலில் படித்து அதைக் கூற்றோடு ஒட்டிப் பார்ப்பவருக்கு எல்லாமே ஒட்டுவதுபோல்தான் தோன்றும்.

இயற்பியலில் பொறி வேறு வகையானது. ஒரு கம்பியை இழுத்து அதன் நீளத்தை இரு மடங்காக்கினால் மின்தடை என்னவாகும்? மின்தடை நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற சூத்திரத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் இரு மடங்கு என்பார். கம்பி இழுபடும்போது மெலிகிறது. கன அளவு மாறாததால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகிறது. எனவே மின்தடை நான்கு மடங்காகிறது. கொடுக்கப்படும் நான்கு விடைகளில் 'இரு மடங்கு' கட்டாயம் இருக்கும். வினா தயாரிப்பவர் தவறான விடைகளை மனம்போனபடி எழுதுவதில்லை. மாணவர் எந்த இடத்தில் பாதியில் நின்றுவிடுவார் என்று கணித்து, அந்த இடத்தில் கிடைக்கும் எண்ணையே விடைகளில் ஒன்றாக வைக்கிறார். தம் கணக்கின் விடை விடைப்பட்டியலில் இருக்கிறது என்பது அது சரி என்பதற்குச் சான்றல்ல.

பொருத்துக வினாக்களில் இதே தர்க்கம் நேரத்தை மிச்சப்படுத்தும். நான்கு இணைகளையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஐயமில்லாமல் தெரிந்த ஓர் இணையை எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தாத விடைகளை அடித்தால் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். எல்லா இணைகளையும் வரிசையாகச் சரிபார்க்கத் தொடங்குபவர் அரை நிமிடத்தில் முடிய வேண்டிய வினாவுக்கு ஒன்றரை நிமிடம் கொடுத்துவிடுகிறார்.

ஊகத்தின் கணக்கு

180 வினாக்கள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 சேர்க்கப்படும், தவறான விடைக்கு 1 கழிக்கப்படும், விடையளிக்காவிட்டால் ஏதுமில்லை. கழிக்கப்படும் மதிப்பெண் உள்ளதால் தெரியாத வினாவைத் தொடவே கூடாது என்று சிலரும், அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கட்டும் என்று சிலரும் அறிவுரை கூறுவதுண்டு. இரண்டுமே கணக்கைப் பார்க்காமல் சொல்லப்படுபவை.

எதுவுமே தெரியாமல் நான்கில் ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது வினாவுக்குக் கால் மதிப்பெண். இத்தகைய 20 வினாக்களில் 5 சரியாகலாம், 15 தவறாகலாம். நிகர லாபம் 5 மதிப்பெண் மட்டுமே. அதுவும் சராசரிக் கணக்குதான். தேர்வு ஒருநாள் என்பதால் அது நட்டத்திலும் முடியலாம். ஒரு விடையை ஐயமின்றி நீக்க முடிந்தால் சராசரி லாபம் வினாவுக்கு மூன்றில் இரண்டு மதிப்பெண்ணாகிறது. இரண்டை நீக்க முடிந்தால் ஒன்றரை. அதே 20 வினாக்களில் 10 சரி, 10 தவறு எனக் கொண்டால் 30 மதிப்பெண் கிடைக்கும். வெறும் ஊகத்துக்கும் நீக்கல் முறைக்கும் இடையே 25 மதிப்பெண் வேறுபாடு.

இந்த 25 மதிப்பெண்ணின் மதிப்பை ஒரு மதிப்பெண்ணிலேயே ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடிக்கும் தரவரிசைப் பட்டியலைப் பார்த்தவர்கள் அறிவர். சம மதிப்பெண் பெற்றவர்களிடையே வரிசையைத் தீர்மானிக்கும்போது பாடவாரியான மதிப்பெண்ணுக்குப் பின், தவறான விடைகளின் விகிதம் குறைவாக உள்ளவருக்கே முன்னுரிமை என்பதும் விதியாக உள்ளது. ஆகவே கண்மூடித்தனமான ஊகம் சமநிலையிலும் எதிராக வேலை செய்யும்.

நீக்கல் முறைக்கு அதிக அறிவு தேவையில்லை. உள்ள அறிவைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தால் போதும். விசையைக் கேட்கும் வினாவில் ஆற்றலின் அலகில் வரும் விடையை அலகைப் பார்த்தே நீக்கலாம். மதிப்பு கூட வேண்டிய இடத்தில் குறையும் விடையை, கணக்குப் போடாமலே அடித்துவிடலாம். 'எப்போதும்', 'ஒருபோதும்', 'ஒவ்வொரு' போன்ற சொற்கள் வரும் கூற்றுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு கிடைத்தால் போதும். இதைச் செய்ய மறுப்பவர்களில் நன்றாகப் படிக்கும் மாணவர்களே அதிகம். முழுக் கணக்கையும் போட்டுத்தான் விடைக்கு வர வேண்டும் என்ற பள்ளிப் பழக்கம் அவர்களை விடுவதில்லை. பலவாய்ப்பு வினாவில் வழிமுறைக்கு மதிப்பெண் இல்லை என்பதை ஏற்க அவர்களுக்குச் சற்றுக் காலம் பிடிக்கிறது.

காலமும் 2025 முதல் சுருங்கிவிட்டது. கொரோனா காலத்தில் கொண்டுவரப்பட்ட விருப்பத் தேர்வு முறை நீக்கப்பட்டதால், 200 வினாக்களில் 180-ஐத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் 200 நிமிட அவகாசமும் போயின. இப்போது 180 வினாக்கள், 180 நிமிடங்கள். உயிரியலின் 90 வினாக்களை வினாவுக்கு அரை நிமிடம் வீதம் 45 நிமிடங்களில் முடித்து, விடைத்தாளில் வட்டங்களை நிரப்ப 15 நிமிடங்களை ஒதுக்கினால், இயற்பியல், வேதியியல் வினா ஒன்றுக்குக் கிடைப்பது 80 விநாடிகள். 2025 இயற்பியல் வினாக்கள் நீண்ட கணக்கீடுகளைக் கோரியதாகத் தேர்வர்கள் பரவலாகக் கூறினர். அத்தகைய தாளில் எந்த வினாவை விட்டுவிடுவது என்ற முடிவே ஒரு தர்க்கப் பயிற்சிதான். 80 விநாடிகளில் வழி தெரியாத வினாவோடு நான்கு நிமிடங்கள் மல்லுக்கட்டுபவர், அதற்குப் பின்னால் காத்திருக்கும் மூன்று எளிய வினாக்களை இழக்கிறார்.

மாதிரித் தேர்வு அளவுகோல், மருந்தல்ல

பயிற்சி மையங்களின் பதில் பெரும்பாலும் ஒன்றே: இன்னும் அதிக மாதிரித் தேர்வுகள். வாரத்துக்கு ஒன்று என்பது இரண்டாகி, தேர்வு நெருங்கும்போது நாளுக்கொன்றாகிறது. மாதிரித் தேர்வு பயனற்றது அல்ல. வெறுமனே மீண்டும் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்வதே நீண்டகாலம் நிலைக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கே ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆயினும் உடல் வெப்பத்தை அடிக்கடி அளந்து பார்ப்பதால் காய்ச்சல் தணிவதில்லை. தேர்வு எழுதி, மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்ந்தோ வருந்தியோ அடுத்த தேர்வுக்குச் செல்லும் மாணவருக்கு அதே தவறுகள் அடுத்த தாளிலும் காத்திருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். மாதிரித் தேர்வில் ஒருவருக்கு 130 சரி, 40 தவறு, 10 விடப்பட்டவை. மதிப்பெண் 480. அந்த 40 தவறுகளில் 15, பாடம் தெரியாததால் நேர்ந்தவை அல்ல. 'தவறானது எது' என்ற வினாவைச் 'சரியானது எது' எனப் படித்ததாலோ, பாதிக் கணக்கில் கிடைத்த எண்ணைக் குறித்ததாலோ, காரணத்தையும் கூற்றையும் குழப்பிக்கொண்டதாலோ நேர்ந்தவை என்று வைத்துக்கொண்டால், அவற்றைச் சரிசெய்வதன் பயன் வினாவுக்கு 5 வீதம் 75 மதிப்பெண். 480 என்பது 555 ஆகிறது. புதிதாக ஓர் அத்தியாயம்கூடப் படிக்காமல்.

எந்தத் தவறு எந்த வகை என்பதை மாணவர் தாமே எழுதிவைக்க வேண்டும். தேர்வு முடிந்த அன்றே எழுதினால்தான் 'ஏன் இதைக் குறித்தேன்' என்பது நினைவிருக்கும். ஆசிரியர் கரும்பலகையில் சரியான விடையை விளக்கும்போது எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிடுகிறது. அந்தப் புரிதல், தம் மனம் எந்த இடத்தில் வழி தவறியது என்பதைச் சொல்வதில்லை. சரியான விடைகளையும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு விடைக்கும் அருகில் 'உறுதி', 'பாதி உறுதி', 'ஊகம்' என்று மாதிரித் தாளில் குறித்துக்கொண்டால், ஊகத்தில் கிடைத்த சரியான விடைகள் வெளியே தெரியும். அதைவிட முக்கியமாக, 'உறுதி' என்று குறித்தும் தவறானவை தெரியும். அவைதாம் மிகவும் ஆபத்தானவை. தெரியாததை மாணவர் தேடிப் படிப்பார், தவறாகத் தெரிந்துவைத்திருப்பதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

பயிற்சி செய்யும் வரிசையிலும் ஒரு மாற்றம் தேவைப்படுகிறது. ஓர் அத்தியாயத்தை முடித்ததும் அதே அத்தியாயத்தின் 50 கணக்குகளைப் போடுவதே வழக்கம். மூன்றாவது கணக்குக்குள் எந்தச் சூத்திரம் என்பது தெரிந்துவிடுகிறது. எஞ்சியவை எண்களை இட்டு நிரப்பும் வேலைதான். சௌத் புளோரிடா பல்கலைக்கழகத்தின் ரோரர், டெய்லர் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு எண்ணிக்கையிலான கல்லூரி மாணவர்களுக்குக் கன அளவுக் கணக்குகள் இரு முறைகளில் கற்பிக்கப்பட்டன. வகைவாரியாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தனர். வகைகளைக் கலந்து பயின்றவர்கள் தடுமாறினர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ கலந்து பயின்றவர்கள் 63 சதவீத விடைகளைச் சரியாக எழுத, வகைவாரியாகப் பயின்றவர்கள் 20 சதவீதத்தோடு நின்றனர். நீட் வினாத்தாளும் கலந்துதான் வருகிறது. வினாவின் தலைப்பில் அத்தியாயத்தின் பெயர் இருக்காது; எந்தக் கருத்தைப் பயன்படுத்துவது என்று தேர்வு செய்வதே அங்கு பாதி வேலை. கலந்து பயிலும்போது மதிப்பெண் குறைவதைக் கண்டு அஞ்சி, பெரும்பாலோர் மீண்டும் பழைய முறைக்கே திரும்பிவிடுவதுதான் துயரம்.

மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை மாணவரின் மதிப்பாகவே மாற்றிவிடும் போக்கும் உண்டு. மதிப்பெண் வரிசைப்படி வகுப்புகளைப் பிரித்து, அறிவிப்புப் பலகையில் தரவரிசையை ஒட்டும் மையங்களில், தவறைத் தாமே முன்வந்து ஆராயும் துணிவு எவருக்கும் வராது. நீட் பயிற்சி மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 ஜூலை 25-ஆம் தேதி மாணவர் மனநலத்துக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்ட உச்ச நீதிமன்றம், கல்வித் திறன் அடிப்படையில் மாணவர்களைத் தனித்தனி வகுப்புகளாகப் பிரிப்பதையும் பலர் முன்னிலையில் அவமதிப்பதையும் தவிர்க்கும்படி அறிவுறுத்தியது. அது மனநலம் கருதிச் சொல்லப்பட்டது. கற்றல் நலனுக்கும் அது பொருந்தும்.

மொழியும் ஒரு வினா

தர்க்கம் மொழியின் வழியாகவே நிகழ்கிறது. நீட் தேர்வு 13 மொழிகளில் நடத்தப்பட்டாலும், மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. 2018-ஆம் ஆண்டு தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழையானது என்று தொடரப்பட்ட வழக்கில், தமிழில் எழுதியவர்களுக்கு 196 கருணை மதிப்பெண் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் பின்னர் ரத்து செய்தது. தாய்மொழியில் எழுதும் மாணவருக்கு அதன் பொருள், மொழிபெயர்ப்புப் பிழையின் சுமை அவர் தோளிலேயே விழும் என்பதுதான். தாளில் ஆங்கில வடிவமும் உடன் இருப்பதால், ஐயம் வரும் வினாவில் அதையும் பார்க்கும் அளவுக்கேனும் பாடச் சொற்களை இரு மொழிகளிலும் அறிந்திருப்பது நடைமுறைத் தேவையாகிவிட்டது.

ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும் இச்சிக்கல் இல்லாமல் இல்லை. இரட்டை எதிர்மறை கொண்ட வினாக்கள், 'இவற்றுள் பொருந்தாதது', 'மிகச் சரியானது' போன்ற தொடர்கள் ஆங்கிலத்தில் வேகமாகப் படிப்பவரையும் சறுக்க வைக்கின்றன. வினாவின் முக்கியச் சொல்லைப் பேனாவால் அடிக்கோடிட்ட பிறகே விடைகளைப் பார்ப்பது என்ற சிறு ஒழுக்கம் இங்கு பெரும் பாதுகாப்பு. ஒரு வினாவுக்கு இரண்டு விநாடி செலவு. 180 வினாக்களுக்கு 6 நிமிடங்கள்.

பள்ளி கைவிட்ட இடம்

இத்திறன்கள் பதினேழு வயதில் ஆறு மாதத் தீவிரப் பயிற்சியில் முளைப்பவை அல்ல. 'ஏன்' என்று கேட்கும் வகுப்பறையிலும், எதிர்பார்த்த அளவீடு வராதபோது காரணம் தேடும் ஆய்வகத்திலும்தான் அவை வளர்கின்றன. சிபிஎஸ்இ 2024-25 கல்வியாண்டு முதல் 11, 12-ஆம் வகுப்புத் தேர்வுகளில் திறன் அடிப்படையிலான வினாக்களின் பங்கை 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. பள்ளித் தேர்வும் நீட் தேர்வும் ஒரே திசையில் நகர்கின்றன என்பதற்கு இது அறிகுறி.

ஆனால் பள்ளியில் பெயரளவுக்குச் சேர்ந்துவிட்டு முழுநேரமும் பயிற்சி மையத்திலேயே இருக்கும் 'டம்மி' பள்ளி முறை இதற்கு நேர் எதிர்த் திசையில் செல்கிறது. ராஜஸ்தானிலும் டெல்லியிலும் திடீர் ஆய்வு நடத்திய சிபிஎஸ்இ, 2024 நவம்பரில் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம், 16 வயதுக்குட்பட்டோரைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என வழிகாட்டுதல் வெளியிட்டது. இவை தடுப்பு நடவடிக்கைகள் மட்டுமே. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத மாணவருக்கு அவற்றால் எதுவும் கிடைத்துவிடவில்லை.

அவருக்குக் கிடைப்பவை வேறு. கான்பூர் ஐஐடியுடன் இணைந்து மத்திய அரசு 2023-இல் தொடங்கிய 'சாதீ' இணையதளத்தில் பாட விளக்கங்களும் பயிற்சித் தேர்வுகளும் இலவசம். தேசிய தேர்வு முகமை ஒவ்வோராண்டும் விடைக்குறிப்பை வெளியிடுகிறது. பழைய வினாத்தாள்களும் எளிதில் கிடைக்கின்றன. கிராமப்புற அரசுப் பள்ளி ஒன்றின் இயற்பியல் ஆசிரியர் இவற்றிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து வினாக்களை மட்டும் எடுத்து, சரியான விடையைச் சொல்வதற்கு முன் மூன்று தவறான விடைகளும் ஏன் தவறு என்று மாணவர்களையே பேச வைத்தால், 200 வேலை நாட்களில் 1,000 வினாக்களும் 3,000 தவறான விடைகளும் அலசப்பட்டுவிடும். அதற்குக் கட்டணமும் இல்லை, தனிப் பாடவேளையும் தேவையில்லை. காலை வழிபாட்டுக்குப் பிந்தைய பத்து நிமிடங்களும் வினாக்களை எழுதிப்போட ஒரு கரும்பலகையும் இருந்தால் போதும்.